“ஏமாந்துவிட்டேன்” என்று ஒருவர் வந்து நின்றால்: முதல்முறை உதவ முன்வருவோருக்கான வழிகாட்டி

மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி என்பதற்கான அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கிய ஒருவர் நம்மிடம் வந்து நின்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர் முதலில் தேடி வருகிற மகனுக்கும் மருமகளுக்கும் நண்பருக்கும் அலுவலகத் தோழருக்கும் உதவ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான என் பெரியம்மாவுக்கு ஒரு நாள் காலை ஓர் அழைப்பு வந்தது. அவர் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது என்று சொன்ன குரல், அடுத்த நிமிடமே காவல்துறைச் சீருடையில் இருந்த ஒருவரிடம் வீடியோ அழைப்பாக அதை மாற்றிவிட்டது. மாலை வரை அவரைக் கேமராவின் முன்னிருந்து எழ விடவில்லை, வேறு யாருடனும் பேச விடவில்லை. ‘சரிபார்த்துவிட்டுத் திருப்பிச் செலுத்திவிடுவோம்’ என்ற உறுதிமொழியின் பேரில் மூன்று தவணைகளாகப் பணம் போனது. அவர் என்னிடம் வந்து சொன்னது நான்காம் நாள். அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், “இவ்வளவு படித்த நீங்களா, பெரியம்மா?” என்பதுதான். கையில் திறந்து வைத்திருந்த ஒரு நோட்டை அவர் மெல்ல மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அரை மணி நேரம் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த நோட்டில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: மனத்தில் உள்ள தீர்ப்பை முதலில் கீழே வையுங்கள்

வீட்டில் நகை களவுபோனால் ‘திருட்டுப் போய்விட்டது’ என்கிறோம். அதில் வீட்டுக்காரர் மேல் பழி எதுவும் இல்லை. அதே அளவு பணம் தொலைபேசி வழியாகப் போனால் ‘ஏமாந்துவிட்டார்’ என்கிறோம். ஏமாற்றியவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை, இழந்தவர் மட்டும் ஏதோ ஒரு செயலைச் செய்தவர்போல எழுவாயாக நிற்கிறார். அவரை அழைப்பதற்கு ‘ஏமாளி’ என்ற பெயரும் தயாராக இருக்கிறது. ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஒருவர் தொடங்கினால், ‘ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருக்கத்தான் செய்வான்’ என்று இன்னொருவர் முடித்துவைப்பார். இதே சம்பவத்துக்குச் செய்தித்தாள் ‘நூதன மோசடி’ என்று தலைப்பிடும், செய்தவனைச் சில நேரங்களில் ‘பலே கில்லாடி’ என்றும் குறிப்பிடும். குற்றவாளிக்குக் கெட்டிக்காரப் பட்டமும் பாதிக்கப்பட்டவருக்கு முட்டாள் பட்டமும் கொடுக்கிற வேறொரு குற்றம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். உலகம் நியாயமாக நடக்கிறது, அவரவர் செயலுக்கு ஏற்றதே அவரவர்க்குக் கிடைக்கிறது என்று நம்புவது மனிதர்களுக்கு ஒரு தேவையாகவே இருக்கிறது என்பதையும், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளப் பாதிக்கப்பட்டவரிடமே குறை காண்கிறோம் என்பதையும் 1960களில் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதினார். அவர் முட்டாள்தனமாக நடந்துகொண்டார் என்று சொல்லிவிட்டால், நமக்கு அது நடக்காது என்ற ஆறுதல் நமக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த ஆறுதலுக்கான விலையை எதிரில் உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார்.

உண்மையில் படிப்பும் பதவியும் பெரிய அரண் அல்ல. நாஸ்டாக் பங்குச்சந்தையின் முன்னாள் தலைவரான பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது, வாடிக்கையாளர்களின் கணக்கில் இருப்பதாக அவர் எழுதிக் காட்டியிருந்த தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். அவரிடம் பணம் போட்டிருந்தவர்களில் வங்கிகளும் அறக்கட்டளைகளும் முதலீட்டு நிதிகளும் இருந்தன. ஹாரி மார்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலிருந்தே எச்சரித்தும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அந்த மோசடியைக் கண்டுபிடிக்கவில்லை. 2024 தொடக்கத்தில் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர், தலைமை நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் வீடியோ கூட்டத்தில் கண்ணால் பார்த்துப் பேசிய பிறகே ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தத் திரையில் அவரைத் தவிர மற்ற எல்லோருமே கணினியில் உருவாக்கப்பட்ட போலி உருவங்கள்.

எதிர்முனையில் இருப்பதும் ஒரு தனி ஆளின் கெட்டிக்காரத்தனம் என்று எண்ண வேண்டாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைகளில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் பலர் நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்கள். எழுதித் தரப்பட்ட வசனம், ஆள்மாறாட்டக் குழு, பணத்தை நகர்த்தத் தனிக் குழு என்று ஒரு தொழிற்சாலையே இயங்கும்போது, அதன் முன் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து “உனக்குப் புத்தி எங்கே போயிற்று?” என்று கேட்பது நியாயமாகாது.

படி 2: முதல் வாக்கியமும் மூன்று கேள்விகளும்

“சொன்னது நல்லதாய்ப் போயிற்று. இப்போது சேர்ந்து பார்க்கலாம்.” இதற்கு மேல் முதலில் எதுவும் சொல்ல வேண்டாம். பிறகு மூன்றே கேள்விகள்: கடைசியாகப் பணம் போனது எப்போது? எந்த வழியாகப் போனது (வங்கிக் கணக்கா, கார்டா, கிரிப்டோவா, பரிசு அட்டையா)? அவர்களுடன் இன்னும் தொடர்பு இருக்கிறதா? எப்படி நம்பினீர்கள், ஏன் நம்பினீர்கள் என்ற கேள்விகள் இந்த மணி நேரத்தில் எதற்கும் பயன்படாது. அவர் அழுதால் அழ விடுங்கள். ஆனால் ஒரு கையால் வங்கியின் எண்ணைத் தேடிக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது கேள்வியை இலேசாக விட்டுவிட வேண்டாம். அழைப்பைத் துண்டித்தால் கைது செய்துவிடுவார்கள் என்ற பயத்தில், மறுமுனையில் ஆள் இருக்கும்போதே பக்கத்து அறைக்கு வந்து கிசுகிசுப்பவர்களும் உண்டு. அப்படியானால் முதல் வேலை அந்த அழைப்பைத் துண்டிப்பதுதான். காவல்துறையோ நீதிமன்றமோ வரித்துறையோ வீடியோ அழைப்பில் யாரையும் காவலில் வைப்பதில்லை, விசாரணை முடியும்வரை பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வதும் இல்லை.

படி 3: பணத்தின் பின்னால் ஓடுங்கள்

மோசடிப் பணம் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதலில் அது யாரோ ஒருவரின் பெயரில் உள்ள வாடகைக் கணக்கில் விழும். அங்கிருந்து துண்டு துண்டாகப் பல கணக்குகளுக்குப் பிரியும். பிறகு ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிக் கைக்கு எட்டாமல் போய்விடும். அந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியில் பணம் இன்னும் கிடக்கும்போதே அந்தக் கணக்கை முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. நான் முதல் படியில் அவ்வளவு நேரம் நின்றதன் காரணமும் இதுதான். பெரியம்மா வாய் திறக்காமல் இருந்த அந்த நான்கு நாட்களை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வெட்கம். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள், அதாவது சுற்றியிருந்தவர்கள்.

வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணே இன்னொரு மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையோ வங்கியின் செயலிக்குள் உள்ள எண்ணையோ அழையுங்கள். எதிரே பேசுபவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்காமல், “இது மோசடிப் பரிவர்த்தனை. தொகை இவ்வளவு, நேரம் இது, பரிவர்த்தனை எண் இது. பெற்ற வங்கிக்கு உடனே தகவல் அனுப்பி அந்தத் தொகையை நிறுத்திவைக்கும்படி கேட்கிறேன். புகார் எண்ணைத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். புகார் எண் கைக்கு வராமல் அழைப்பை முடிக்க வேண்டாம். கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்று அவர்கள் சொன்னால், ஸ்பீக்கரில் போட்டு, அவர் திணறும் இடத்தில் எழுதிக் காட்டி உதவுங்கள்.

பல நாடுகளில் இதற்கென்றே உதவி எண்கள் உண்டு. இந்தியாவில் 1930, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. பிரிட்டனில் 159ஐ அழைத்தால் பெரும்பாலும் உங்கள் வங்கிக்கே இணைப்புக் கிடைக்கும். நீங்கள் வேறு நாட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அந்த நாட்டு எண்ணை அரசின் தளத்தில் பார்த்துக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். நெருக்கடியில் தேடினால் பதற்றத்தில் தவறான எண்தான் கண்ணில் படும்.

கார்டு வழியாகப் போயிருந்தால், அந்தக் கட்டணத்தை மறுத்துத் திரும்பக் கேட்கும் நடைமுறை கார்டு வழங்கிய வங்கியில் இருக்கும். பரிசு அட்டையாகப் போயிருந்தால் அட்டையையும் ரசீதையும் வைத்துக்கொண்டு அதை வெளியிட்ட நிறுவனத்தை அழைக்க வேண்டும். கிரிப்டோவாகப் போயிருந்தால் வாங்கிய சந்தை நிறுவனத்துக்குப் பரிவர்த்தனைக் குறியீட்டோடு உடனே எழுத வேண்டும். கடைசி இரண்டிலும் பணம் மீள்வது அரிது. அதை அவரிடம் மறைக்காமல், ஆனால் மறுநாள் சொல்லுங்கள்.

படி 4: கைப்பேசியைப் பூட்டுங்கள்

‘உதவிக்காக’ என்று சொல்லி ஏதாவது செயலியை நிறுவச் சொன்னார்களா என்று கேளுங்கள். திரையைப் பகிரும் செயலியோ, லிங்க் வழியாக வந்த கோப்போ உள்ளே இருந்தால், அந்தக் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. பிறகு வங்கிச் செயலி, அதன் பின்னர் மற்றவை. அடையாள ஆவணங்களின் படத்தை அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் எழுத வேண்டும். அந்த ஆவணங்களை வைத்து வேறு யாராவது சிம் கார்டோ கடனோ வாங்கக்கூடும்.

படி 5: எதையும் அழிக்க விடாதீர்கள்

வெட்கம் முதலில் தேடிப்போவது ‘டெலீட்’ பொத்தானைத்தான். உரையாடலைப் பார்க்கவே கூசுகிறது, பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் அழித்துவிடுகிறார்கள். அதனோடு சாட்சியமும் போய்விடுகிறது. தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையாடல் முழுவதையும் கோப்பாக ஏற்றுமதி செய்து, இணையமுகவரிகளையும் கணக்கு எண்களையும் தனியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தரங்கமான படங்களோ பேச்சோ இருந்தால், “நான் பார்க்கமாட்டேன், நீங்களே சேமித்துப் புலனாய்வு அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்” என்று வாக்களித்து, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

பெரியம்மாவின் நோட்டில் இருந்தது இதுதான். அன்று காலை முதல் அழைப்பு வந்த நேரம், பேசியவன் சொன்ன பெயர், அவன் காட்டிய அடையாள அட்டையின் எண், மூன்று கணக்கு எண்கள், ஒவ்வொரு தவணைக்கும் நேரே மணியும் நிமிடமும், எல்லாவற்றையும் கோடுபோட்ட பக்கத்தில் நேர்த்தியான கையெழுத்தில் பத்தி பிரித்து எழுதியிருந்தார். அதிகாரி என்று நம்பியதால், ஒரு நல்ல குடிமகள் எப்படிக் குறிப்பெடுப்பாளோ அப்படி எடுத்திருந்தார். அந்த இரண்டு பக்கங்கள்தான் எங்கள் புகாரின் முதுகெலும்பாக அமைந்தன. அதைத்தான் என் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவர் மூடி வைத்தார்.

புகாரையும் அதே ஒழுங்கில், நேர வரிசைப்படி எழுதுங்கள். உணர்ச்சி விவரிப்பு வேண்டாம். ‘நான் முட்டாள்தனமாக’ என்று அவர் எழுதத் தொடங்கினால் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள்.

படி 6: இன்னும் நம்பிக்கொண்டிருப்பவரிடம் பேசுவது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். முதலீட்டு மோசடியிலும் காதல் மோசடியிலும் சிக்கியவர், தான் சிக்கியிருப்பதாகவே பல மாதங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார். இது இன்றைக்கு வந்த பழக்கமும் அல்ல. கிரெகர் மெக்கிரெகர் என்பவர் மத்திய அமெரிக்கக் கரையில் ‘போயாய்ஸ்’ என்ற இல்லாத நாட்டை உருவாக்கி, அதன் நிலத்தையும் கடன் பத்திரங்களையும் பிரிட்டனில் விற்றார். 1822லும் 1823லும் இரண்டு கப்பல்களில் ஏறத்தாழ 250 பேர் அங்கே குடியேறப் போய், நகரம் இருக்க வேண்டிய இடத்தில் காட்டைக் கண்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பிழைத்துத் திரும்பியவர்களிலேயே சிலர், மெக்கிரெகர் மேல் தவறில்லை, அவருக்குக் கீழிருந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று எழுத்தில் வாதாடினார்கள். அந்த வாக்குமூலத்தை மடமை என்று நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொண்டால் பணத்தோடு, தன் தீர்மானத்தின் மேல் தனக்கு இருந்த மதிப்பும், உயிரோடு இருக்கும் ஓர் உறவும், வரப்போகும் நாட்களைப் பற்றிய கனவும் ஒரே நாளில் போய்விடும். அவ்வளவையும் ஒருசேர இழக்க யாரால் முடியும்?

ஆகவே வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். ‘அவன் திருடன்’ என்று நீங்கள் அழுத்திச் சொல்லச் சொல்ல, ‘உன் குடும்பத்தார் நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள்’ என்று அவன் முன்பே சொல்லிவைத்தது உண்மையாகிக்கொண்டே போகும். அதற்குப் பதில், அவரே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையை முன்வையுங்கள். முதலீட்டுச் செயலியில் பெரிய இலாபம் தெரிகிறது, ஆனால் எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டும் என்கிறார்களா? “அந்த வரியை உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லிக் கேளுங்களேன்” என்று சொல்லுங்கள். மறுக்க அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை அவரே படிக்கட்டும். தொடக்கத்தில் ஒரு சிறு தொகை கைக்கு வந்ததே என்று அவர் சொல்லக்கூடும். வரத்தான் செய்யும். 1920இல் சார்லஸ் பான்சி பாஸ்டனில் செய்ததுபோல, பின்னால் வருகிறவர் பணத்தில் முன்னால் வந்தவருக்குக் கொடுத்து நம்பிக்கையை வளர்ப்பதே பழைய முறை. காதல் என்றால், அந்த ஆள் அனுப்பிய படத்தை அவரிடம் வாங்கி, அது வேறு யாருடைய படமாவது என்று இணையத்தின் படத்தேடலில் பார்க்கலாம். வீடியோவில் பார்த்தேன் என்பது இனி ஆதாரமாகாது என்பதை ஹாங்காங் சம்பவத்தைச் சொல்லி விளக்கலாம். “இதை யாரிடமும் சொல்லாதே என்று எப்போதாவது கேட்டார்களா?” என்ற ஒரே கேள்வி பலரை நின்று யோசிக்க வைத்திருக்கிறது. யோசிக்க அவகாசம் கொடுங்கள். அதுவரை இன்னொரு தவணை போகாமல் இருக்க, ‘ஒரு வாரம் மட்டும் பொறுத்துப் பாருங்கள்’ என்ற வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வகை மோசடிக்குக் குற்றவாளிகள் வைத்த பெயர், கொழுக்க வைத்து வெட்டப்படும் பன்றியைக் குறிப்பது. ஊடகங்களும் அதையே எடுத்துக்கொண்டன. அந்தப் பெயரே பாதிக்கப்பட்டவர்களைக் கூசவைத்துப் புகார் கொடுக்கவிடாமல் செய்கிறது என்று சொல்லி, அதைக் கைவிடும்படி 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. சொல் ஒன்றும் சின்ன விஷயமல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய இடத்திலிருந்து சான்று கிடைக்காது.

படி 7: யாருக்குச் சொல்வது

இதை முடிவு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. அவர் அனுமதியின்றிக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ‘எல்லோரும் ஜாக்கிரதை’ என்று போடுவது உதவி ஆகாது. ஆனால் மௌனம் யாருக்கு உதவுகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். 1925இல் விக்டர் லுஸ்டிக், ஈஃபல் கோபுரத்தைப் பழைய இரும்புக்கு விற்பதாகச் சொல்லி ஒரு வணிகரிடம் பணம் பறித்தார். அந்த வணிகர் வெட்கத்தால் காவல்துறைக்கே போகவில்லை என்றும், அதைத் தெரிந்துகொண்ட லுஸ்டிக் மீண்டும் பாரிஸுக்கு வந்து அதே கோபுரத்தை இன்னொருவருக்கு விற்க முயன்றார் என்றும் சொல்லப்படுகிறது. அதற்கு முன்பு, 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்பவர், வழியில் காண்பவரிடம் நயமாகப் பேசி, “நாளைவரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்க என்மேல் நம்பிக்கை உண்டா?” என்று கேட்டு வாங்கிப் போய்விடுவார். அவ்வாறு பறிகொடுத்த ஒருவர் பின்னர் தெருவில் அவரை அடையாளம் கண்டு காவலரைக் கூப்பிட்டதால்தான் அவர் பிடிபட்டார்.

வங்கிக்கோ காவல் நிலையத்துக்கோ போகும்போது உடன் போங்கள். “நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள்” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். பொறுமையாக, “ஏமாற்றிப் பெறப்பட்ட சம்மதம் அது, அதையே புகாராகப் பதிய வந்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள், மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். இழந்தவரே அனுப்பிய பணம் என்பதால் அவரே பொறுப்பு என்ற பார்வை மாறக்கூடியது என்பதற்குப் பிரிட்டன் உதாரணம். 2024 அக்டோபர் 7 முதல் அங்கே, ஏமாற்றப்பட்டுத் தாமே வங்கிப் பரிமாற்றம் செய்தவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தருவது வங்கிகளின் கடமையாக்கப்பட்டது. அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்கின்றன. எல்லா வழக்கும் அதில் அடங்காது, எல்லா நாட்டிலும் அந்த விதி இல்லை. என்றாலும், மோசடிக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கிக்கும் இதில் பொறுப்புண்டு என்று ஒரு நாட்டின் விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

படி 8: இரண்டாவது அழைப்பு

சில வாரங்கள் கழித்து மீண்டும் தொலைபேசி ஒலிக்கும். “உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், ஒரு சிறு கட்டணம் மட்டும்” என்று வழக்கறிஞர் போலவோ, புலனாய்வு அதிகாரி போலவோ, இணைய நிபுணர் போலவோ ஒருவர் பேசுவார். ஏமாற்றப்பட்டவர்களின் பட்டியல் ஒரு கும்பலிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது, அதே கும்பலே வேறு குரலில் வருவதும் உண்டு. இழந்த தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வதால், துவண்டு போயிருப்பவருக்கு அது கடவுளே அனுப்பிய உதவியாகத் தோன்றும். இந்த அழைப்பு வரும் என்பதை முதல் வாரத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். உண்மையான மீட்புத் தகவல், புகார் கொடுத்த அலுவலகத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் புகார் எண்ணோடு வரும், முன்கட்டணம் கேட்காது. சந்தேகம் இருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் உள்ள எண்ணில் நாமே திரும்ப அழைக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு அந்த அழைப்பு ஆறாவது வாரத்தில் வந்தது. பேசியவனின் பெயர், நேரம், எண் மூன்றையும் நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டு அழைப்பைத் துண்டித்திருந்தார். அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தோம்.